சந்தனக் காப்பு

பொங்கியண்ணன் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டை விரலால் அமுக்கினார். பிறகு, விரலில்தான் குறை இருக்கும் என்பதுபோல் வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை அமுக்கினார். கம்ப்யூட்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மண்ணரை என்ற ஊரில் இருக்கும் அவருடைய பனியன் கம்பெனியில் அது இருபத்தேழு வருடமாக ஓடுகிறது. முன்பு வெள்ளையாக இருந்ததென்று சொல்வார்கள். இப்போது பழைய பல்லின் நிறம். திரை, பின்புறம் கர்ப்பிணி போலப் புடைத்திருக்கும். அதைக் காட்டாமல் அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

"இப்ப வர்ற சாமானெல்லாம் ரண்டு வருசத்துல பல்லக் காட்டிருமுங்க. இதைப் பாருங்க. ஒரு திருகு கழட்டுனதில்ல. மூணு வருசமா முன்னைக்கு இப்ப இன்னும் வெடுக்குனு ஓடுது. சத்தமே இல்ல. வயசாக ஆகப் பக்குவப்படுது!"

மகள் நித்யஸ்ரீ, புதிது வாங்கலாம் என்று நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆயுத பூசையன்று சொல்லித் தொலைத்தாள். பொரியும் சுண்டலும் கையுமாக நின்ற தொழிலாளர்கள் அத்தனை பேர் முன்னாலும் பொங்கியண்ணன் கையை உயர்த்தினார்.

"இந்தப் பொட்டி என்னைக்கு நிக்குதோ, அன்னைக்குக் கம்பெனிச் சாவிய உன் கையில குடுத்துட்டு ஊட்டுல போய் உக்காந்துக்கறேன் கண்ணு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத!"

அதன்பின் ஒவ்வொரு பூசையன்றும் இந்தச் சபதத்தைப் புதுப்பித்து வந்தார். இந்த வருடமும் ஆயிற்று. மூன்று நாள் பூசை லீவு முடிந்து இன்றுதான் கம்பெனி திறந்திருக்கிறது. தாராபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த நித்யஸ்ரீ பதினோரு மணிக்கு வந்துவிடுவாள். மணி ஒன்பதரை.

ஊட்டில் உட்காருவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். மனைவியின் சீரியல்கள். முருங்கைக்காய் நறுக்குவது. அவருக்கு வியர்த்தது.

முதலில் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அறை விட்டார். பெட்டிமேல் இருந்த பிள்ளையார் கீழே விழுந்தார். வேறு மாற்றம் இல்லை.

"பிளக்குலதான் கோளாறு" என்று முடிவு கட்டினார். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு தையல் ஹாலுக்கு வந்தார். நாற்பது மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. செக்கிங் டேபிளில் மாரக்காள், வெள்ளைவெளேரென்ற குழந்தை பனியன்களைப் புரட்டிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள்.

"ஏனுங்க மொதலாளி, அதை எதுக்குங்க இங்க தூக்கிட்டு வந்தீங்க?" அவள் குரலில் ஒரு பதற்றம் இருந்தது.

"சும்மா. காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"நித்யஸ்ரீ பாப்பா வந்துரட்டுமுங்க. அதுக்குத்தான் அதோட பக்குவம் தெரியும்."

"உன் சோலியப் பாரு மாரக்கா! பொறந்து முப்பது வருசம் ஆகல, அவளுக்கு என்ன தெரியும்?"

சுவரில் இருந்த பிளக்கில் செருகினார். பட்டென்று ஒரு சத்தம். நாற்பது மெஷின்களும் ஒரே மூச்சில் நின்றன. காதில் விழுந்த அமைதி அவருக்கே பயமாக இருந்தது.

அயர்ன் மாஸ்டர் மொக்கைச்சாமி தேனிப் பக்கத்துக்காரர். ஸ்டூல் போட்டு ஏறிப் பியூஸைப் போட்டுவிட்டு, இறங்கி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"மொதலாளி, என்னத்த இப்பிடி அப்பி வச்சிருக்கீக? மூச்சு விட ஒரு ஓட்டை இல்லையே!"

"சந்தனக் காப்பு" என்றார் பொங்கியண்ணன் விறைப்பாக.

மற்றவர்கள் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்து நிறுத்திக்கொள்வார்கள். பொங்கியண்ணனின் பக்தி பொட்டில் அடங்குவதில்லை. வருடா வருடம் ஆயுத பூசையன்று கெட்டியாகச் சந்தனம் குழைத்து, முன்னும் பின்னும், காற்றுப் போகும் துளை ஒன்றுவிடாமல் பூசி மெழுகுவார். இந்த வருடம் பன்னீரும் ஊற்றினார். பெட்டி வேகமாக ஓடுவதற்குக் காரணமே அதுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

"அது காஞ்சு போய் அடைச்சிருக்கும் மொதலாளி."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. மெஷின்களில் படியும் பஞ்சை ஊதித் தள்ள வைத்திருக்கும் புளோயரை எடுத்தார். "வேண்டாமுங்க! அக்கட்டால கொண்டு போய் ஊதுங்க!" என்று மாரக்காள் கத்துவதற்குள் விசையை அழுத்திவிட்டார்.

மூன்று நாள் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கிளம்பியது. பாதி பெட்டிக்குள் போயிற்று. மீதி மேகம்போல் எழும்பி, ஹாலை ஒருமுறை வலம் வந்து, செக்கிங் டேபிளில் சாவகாசமாக இறங்கியது. வெள்ளைப் பனியன்கள் எல்லாம் பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்த குழந்தைகளின் தலைபோல ஆயின.

"கமகமன்னு இருக்குதுங்க" என்றாள் மாரக்காள், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். தையல்காரர்களில் யாரோ சிரித்தார்கள். பொங்கியண்ணன் திரும்பியதும் நாற்பது பேரும் குனிந்து ஊசியில் நூல் கோத்தார்கள்.

மணி பத்தரை. வேறு வழியில்லாமல் மெக்கானிக் தமிழ்செல்வனைக் கூப்பிட்டார்.

அவன் வந்ததும் வராததுமாகத் திருப்புளியை எடுத்தான். பொங்கியண்ணன் குறுக்கே விழுந்தார். "தம்பி! இருபத்தேழு வருசமா தொறக்காத பொட்டி. ஒவ்வொரு திருகுலயும் குங்குமம் இருக்குது பாரு. வெளிய இருந்தே பாக்க முடியாதா?"

"ஜோசியம் வேணும்னா சொல்றனுங்ணா. ரிப்பேருன்னா தொறக்கோணும்."

"தொறக்காதீங்க மொதலாளி, பாப்பா வந்துரட்டும்" என்றாள் மாரக்காள்.

மகள் வருவதற்குள் ஓட வைக்கத்தானே இத்தனை பாடு? பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான்கு திருகுகளும் வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வழுவழுவென்று வந்தன. மூடி கழன்றது.

தமிழ்செல்வன் உள்ளே பார்த்தான். பிறகு பொங்கியண்ணனைப் பார்த்தான். அவர் எட்டிப் பார்த்தார்.

உள்ளே வெற்றிடம். மூலையில் மட்டும், பனியன் ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கால் வரிந்து கட்டி, டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. அதன் மேலும் சந்தனம்.

"அண்ணா, இது வந்துங்..." என்று தமிழ்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடங்கினான்.

"களவு!" என்று அலறினார் பொங்கியண்ணன். "உள்ளார இருந்த ஒரிஜினல் சாமானையெல்லாம் உருவிப்போட்டு டப்பாவ வெச்சிருக்கானுவ! யாரும் நகரப்படாது! வாச்மேன், கேட்டப் பூட்டு! ஒவ்வொருத்தர் பையையும் காட்டோணும். போலீசக் கூப்புடறேன்!"

அவர் குரலில் கோபம் இருந்த அளவுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. களவு போனால் அது நின்றதாகாது அல்லவா? சாவி இடுப்பிலேயே இருக்கலாம். முருங்கைக்காயை வேறு யாராவது நறுக்கட்டும்.

தையல்காரர்கள் எழுந்து நின்றார்கள். மொக்கைச்சாமியின் முகம் சிறுத்துப்போயிற்று. வெளியே, பூட்டிய கேட்டுக்கு முன்னால், நித்யஸ்ரீயின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

"யாரும் தொறக்காதீங்க! போலீசு வரட்டும்!"

மாரக்காள் ஒரு பனியனை எடுத்து, சந்தனத்தை உதறி, நிதானமாக மடித்து வைத்தாள்.

"களவெல்லாம் இல்லீங்க. உங்க பொட்டி மூணு வருசத்துக்கு முந்தியே இதே சந்தனத்துல செத்துப்போச்சுங்க. நீங்க மனசு ஒடிஞ்சு போவீங்கன்னு புதுசா ஒரு குட்டிக் கம்ப்யூட்டர வாங்கி உள்ளார வெச்சுக் கட்டுனது பாப்பா, திருகுல குங்குமம் வெச்சது நானு. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க சாமி, மூணு வருசமா இங்க மொதலாளியா இருக்கறவங்க வெயில்ல நிக்கறாங்க."