ராசியில்லாத சம்பந்தி

டிக்கெட் இரண்டும் சாப்பாட்டு மேசை மேல், கிம்ச்சிக் கிண்ணத்தில் சாய்ந்து நின்றன. மன்சு அவற்றைத் தொடவே இல்லை.

"போகாம இருக்க முடியாது," என்றாள் அவர் மனைவி கும்சுக். "சம்பந்தி உல்சான்லேர்ந்து இதுக்குன்னே வர்றாரு."

"நான் போனா தோத்துடுவோம்."

"தோத்தா தோக்கட்டும். பொண்ணு கல்யாணம் முக்கியமா, பேஸ்பால் முக்கியமா?"

கொரியாவின் பூசான் நகரில் ஒரு மனிதரைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி அது. மன்சு முள்ளங்கியை மென்றுகொண்டிருந்தார்.

மீன் சந்தைக்கு எதிரே சலவைக்கடை வைத்திருப்பவர் மன்சு. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊர் அணியின் ரசிகர். கடையில் இஸ்திரி போட்டபடி டிவியில் பார்த்தால் அணி ஜெயிக்கும். ரேடியோவில் கேட்டாலும் ஜெயிக்கும். அவர் அரங்கத்துக்குள் கால் வைத்தால் போதும், தோற்றுவிடும். ஒருமுறை, ஆறு ஓட்டங்கள் முன்னிலையில் இருக்கிறோமே, இனி என்ன ஆகிவிடும் என்று பாதி ஆட்டத்தில் உள்ளே போனார். அவர் இருக்கையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆறும் போய்விட்டது. இன்னொரு முறை மழை வந்து ஆட்டம் ரத்தானது. அவர் நேரில் கண்ட ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

இது சந்தைக்கே தெரிந்த விஷயம். ஆட்டம் இருக்கும் நாளில் மீன்காரி கோப்சுன் கடைக்குப் போன் போட்டு, "லாண்டரி அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்பாள். இருக்கிறேன் என்றதும் வைத்துவிடுவாள். யாரும் அவரைத் திட்டியதில்லை. சளி பிடித்தவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதுபோல்தான் சொன்னார்கள்.

இப்போது வந்திருப்பது பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த கட்டம். பல வருடமாக எட்டாத கட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சந்தையையே மூடிவிட்டு எல்லோரும் சேர்ந்து டிவி பார்ப்பதாக ஏற்பாடு.

டிக்கெட் அனுப்பியது மகள் சோல்மி. அவளும் மாப்பிள்ளை கியுஜினும் சியோலில் ஒரே அலுவலகம். இரண்டு வீட்டிலும் சம்மதம் சொல்லியாகிவிட்டது. அப்பாக்கள் இருவருக்கும் பேஸ்பால் என்றால் உயிர் என்பதால், முதலில் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பழகட்டும், ஆட்டம் முடிந்ததும் இரு குடும்பமும் சேர்ந்து சாப்பிடலாம் என்று பிள்ளைகள் இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். அப்பாவின் ராசியைப் பற்றிக் கும்சுக் கேட்டதற்கு, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சோல்மி சிரித்துவிட்டாள். ஆனால் அதே மூச்சில், வருங்கால மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லிவைத்தாள். அவர் பெயர் பியோ, கப்பல் கட்டும் தளத்தில் மேஸ்திரி. ராசி பார்ப்பதில் பெரிய ஆள். ஆட்டம் இருக்கும் நாளில் நகம்கூட வெட்ட மாட்டாராம்.

கும்சுக்குக்கு அது போதும். "அவருக்கு மட்டும் உங்க விஷயம் தெரிஞ்சுது, ராசியில்லாத வீட்டுல பொண்ணு எடுப்பாரா? வாயைத் திறக்காதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டு வாங்க."

ஆக, சம்பந்தியிடம் ராசியை மறைக்க வேண்டும். சந்தையிடம் அரங்கத்துக்குப் போவதை மறைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியைப் பார்க்க உல்சான் போவதாக மன்சு கோப்சுனிடம் சொன்னார். அவளுக்கு மகா சந்தோஷம். உல்சான் நல்ல தூரம்தான் என்றாள். சம்பந்திக்கென்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் கட்டிக் கொடுத்தாள். மன்சுவுக்கு அதை வாங்கும்போது கை கூசியது.

பியோ ஆஜானுபாகுவான மனிதர். அரங்க வாசலில் இரண்டு முறை குனிந்து வணங்கினார். மன்சுவும் குனிந்தார். பியோவின் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. கருவாட்டை வாங்கிக்கொண்டு, "நல்லா நடக்கணும்," என்றார். கல்யாணத்தைச் சொல்கிறாரா ஆட்டத்தைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து மன்சு ஆமாம் போட்டார்.

உட்கார்ந்த சூடு இருக்கையில் ஏறுவதற்குள் எதிரணி மூன்று ஓட்டங்கள் எடுத்துவிட்டது.

மன்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது மேலே கூரை அதிர்ந்தது. எதிரணிப் பந்து வீச்சாளர், ஓடி வந்து நிற்கும் இடமான பேஸை விட்டு நகர்ந்து நிற்கும் நம் ஆளைப் பிடிக்கப் பந்தை அந்தப் பக்கம் எறிந்தால் போதும், அரங்கமே ஒரே குரலில் "டேய்" என்று அதட்டும். அந்த டேய் வந்தது. அடுத்து ஒரு கர்ஜனை வந்தது. நமக்கு இரண்டு ஓட்டங்கள்.

திரும்பி வந்தால் பியோவின் இருக்கை காலி. சற்று நேரத்தில் இரண்டு பீர்க் குவளைகளோடு அவர் படியேறி வந்தார். அந்த ஓட்டங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்காமல் என்ன, வழியிலேயே நின்று பார்த்துவிட்டேன் என்றார் மன்சு. பியோ தலையாட்டிவிட்டுக் குவளையை ஒரே மூச்சில் காலி செய்தார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரணிக்கு இன்னும் ஒன்று.

வெளியே போனால் சம்பந்தி தவறாக நினைப்பார், உள்ளே இருந்தால் அணி செத்துப்போகும். யோசித்து யோசித்து மன்சு ஒரு நடுவழி கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டால் பார்த்ததாக ஆகாது அல்லவா? கைகளை மடியில் வைத்து, தியானத்தில் இருப்பவர்போல் இமைகளை இறுக்கிக்கொண்டார்.

சொத்தென்று மடியில் ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் பந்து. மட்டையின் ஓரத்தில் பட்டுத் தடம் மாறி வந்த பந்து, குறிபார்த்ததுபோல் அவர் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வழக்கம்போல் "குழந்தைக்குக் கொடு, குழந்தைக்குக் கொடு" என்று பாட ஆரம்பித்தார்கள். மன்சு எழுந்து முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் பந்தை நீட்டினார். எதிரே இருந்த பெரிய திரையில் அவருடைய முகம், ஒரு வீட்டின் உயரத்துக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"லாண்டரி அண்ணே," என்றாள் கோப்சுன். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "டிவியில உங்களைப் பார்த்தோம்."

"அது நான் இல்ல."

"ஊதாச் சட்டை. காலர்ல மடிப்புகூட உங்க இஸ்திரிதான்."

மன்சு காலரைக் கையால் மூடிக்கொண்டார்.

"இங்க யாரும் உங்க மேல கோவமா இல்ல, அண்ணே. நண்டுக்கடைத் தாத்தா மட்டும் கொஞ்சம் படுத்துட்டாரு. நீங்க மெதுவா எழுந்து வெளிய போயிடுங்க."

யார் போனில் என்று பியோ கேட்டார். மன்சுவுக்கு வாயில் வந்தது பொய்தான். கடையில் குழாய் உடைந்துவிட்டதாம், தண்ணீர் துணி மேலெல்லாம் கொட்டுகிறதாம் என்றார். தான் மட்டும் கிளம்பிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் பியோ அதைக் கேட்டதும் சடாரென்று எழுந்துவிட்டார்.

"வாங்க, போகலாம். என் கார் வெளிய நிக்குது. குழாய் வேலை எனக்குத் தெரியும்."

"ஐயோ, ஆட்டம் பாதியில இருக்கே."

"ஆட்டம் கிடக்கட்டும் சம்பந்தி. உங்க கடைதான் முக்கியம்."

மன்சு அவசரமாகப் போனைப் பைக்குள் போட்டார். நகம்கூட வெட்டாத ரசிகர், தன் ஓட்டைப் பொய்க்காக இந்த ஆட்டத்தையே விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். இவரைக் கிளப்பிக்கொண்டு போய், உடையாத குழாயைக் காட்டுவதா? பக்கத்துக் கடைக்காரர் சரி செய்துவிட்டதாக இப்போதுதான் தகவல் வந்தது என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பியோ உட்கார்ந்தார். முகம் ஏனோ வாடிப்போயிருந்தது. உதவி செய்யப் போனவரை இப்படி மட்டம் தட்டிவிட்டோமே என்று மன்சு நொந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் அதிகம். கோழி வறுவல் வாங்கப் போனார். கோழிக்கு முள்ளங்கி வாங்கப் போனார். கை துடைக்கக் காகிதம் வாங்கப் போனார். போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஆரவாரம், நமக்கு ஓட்டம். திரும்பும்போதெல்லாம் பியோவின் இருக்கை காலியாக இருக்கும், அல்லது அவர் மூச்சு வாங்கியபடி எதிரே வந்துகொண்டிருப்பார். ஒருமுறை படிக்கட்டு வளைவில் இருவரும் மோதிக்கொண்டு, மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். பாவம், என்னைத் தேடித்தான் அலைகிறார் என்று நினைத்தார் மன்சு. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடுவதுபோல் தன்னைத் தேடிக்கொண்டு ஆட்டத்தைத் தவறவிடுகிறார். இனி இந்தச் சம்பந்தம் எங்கே நிலைக்கப் போகிறது?

கடைசிச் சுற்றான ஒன்பதாவது வந்தபோது இரு அணிகளும் சமம். கடைசியாக மட்டை பிடிக்க வேண்டியவர்கள் நாம். அரங்கம் முழுக்க, ஊர் ரசிகர்களின் வழக்கப்படி, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பைகளை ஊதித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றது. மன்சு பியோவின் காதில் வயிறு என்று சொன்னார். பியோ, போய் வாருங்கள், அவசரமே வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்.

கழிப்பறையில் நுழைந்ததும் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கழிப்பறையில."

கோப்சுன் பக்கத்தில் யாரிடமோ கலந்து பேசினாள். "அதுவும் அதே கூரைக்குக் கீழதானேன்னு சொல்றாங்க. கேட்டைத் தாண்டிப் போயிடுங்கண்ணே."

கேட்டில் நின்ற காவலாளி, வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்றான். மன்சு ஒரு கணம் நின்றார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வெற்றியையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். அதைக் காவலாளியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஒரு கொடிக்கம்பத்தின் அருகே அரங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் எல்லாம் அடங்கியது. பிறகு தரை அதிர்ந்தது. வெளியே காபி விற்றுக்கொண்டிருந்த பெண் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, யாரென்றே தெரியாத மன்சுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மன்சு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் எதிரே பியோ. கூட்டத்தில் ஒருவர்கூட இன்னும் கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் இவர் வந்து நிற்கிறார். கடைசிப் பந்தைக்கூடப் பார்க்காமல் என்னைத் தேடி வந்துவிட்டாரா என்று மன்சு பதறினார்.

"என்ன ஆட்டம்," என்றார் பியோ. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"என்ன ஆட்டம்," என்றார் மன்சு.

"பார்த்தீங்கதானே?"

"கடைசி வரைக்கும். ஓரமா நின்னு பார்த்தேன். நீங்க?"

"நானும் நின்னுக்கிட்டேதான் பார்த்தேன்."

மன்சுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பன்றி எலும்புச் சூப்புக் கடையில் இரண்டு குடும்பமும் காத்திருந்தது. கும்சுக் புருஷனின் முகத்தைப் பார்த்தே பிழைத்தோம் என்று தெரிந்துகொண்டாள். சோல்மி எல்லோருக்கும் தட்டு வைத்தாள். கியுஜினின் அம்மா, ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி, சூப்பில் வெங்காயத்தாள் தூவிக்கொண்டிருந்தார். கியுஜின்தான் ஆரம்பித்தான்.

"மாமா, அந்தக் கடைசிப் பந்தை நேர்ல பார்க்க எப்படி இருந்துது?"

இரண்டு கிண்ணம் சோஜுச் சாராயம் உள்ளே போயிருந்தது. மன்சுவுக்கு அது ஊரே கேட்கக் காத்திருந்த கேள்விபோல் இருந்தது. சொன்னார். மட்டையில் பட்டபோது டங்கென்று கேட்ட சத்தத்தைச் சொன்னார். பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டிப் பறவைபோல் போனதைச் சொன்னார்.

"அந்தச் சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு," என்றார் பியோ.

கியுஜினின் கரண்டி வழியிலேயே நின்றது. "பந்து மட்டையில படவே இல்லையே மாமா."

சுவரில் இருந்த டிவியில் அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேஸிலும் நம் ஆட்கள். வீசிய பந்து மட்டைக்காரரின் முதுகில் பொத்தென்று பட்டது. பட்டால் அவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். மற்றவர்களும் ஆளுக்கொரு பேஸ் நகர, கடைசி ஆள் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். பந்தைப் பறவையாக்கிய மன்சு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கும்சுக் தலையைக் குனிந்துகொண்டாள்.

மன்சு கிண்ணத்தைக் கீழே வைத்தார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். தான் ராசியில்லாத ஆள் என்பதை, குழாய் உடையவில்லை என்பதை, கொடிக்கம்பத்தருகே முதுகைக் காட்டி நின்றதை. சம்பந்தி பெரிய மனசுக்காரர், நான் அளந்ததைக் கேட்டுவிட்டு என் மானத்தைக் காப்பாற்றத்தான் கூடவே தலையாட்டினார் என்றார்.

"என் பொண்ணு என்னை மாதிரி இல்ல. அவ கால் வச்ச இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கும். இந்த ஆளோட ராசியை அவ தலையில கட்டிடாதீங்க. சம்பந்தி கடைசி வரைக்கும் உள்ளதான் இருந்தாரு, எதுவா இருந்தாலும் அவரே சொல்லட்டும்."

எல்லோரும் பியோவைப் பார்த்தார்கள். அந்தப் பெரிய மனிதர் சூப்புக் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கியுஜினின் அம்மா வெங்காயத்தாளை மேசையில் வைத்தார்.

"இவரு எங்க உள்ள இருந்தாரு? 'நான் ராசியில்லாதவன்னு சம்பந்திக்குத் தெரிஞ்சா பொண்ணு கொடுக்க மாட்டாரு'ன்னு, கார்ல கவுந்து படுத்துக்கிட்டு எனக்குப் போன் போட்டு அழுதுக்கிட்டில்ல இருந்தாரு."