பயனாளிக்கு விலா எலும்பு தெரிய வேண்டும்

ஒரு தெருநாயை முன்னேற்ற எத்தனை குழந்தைகளின் திறமை தேவை என்ற கேள்விக்கு மனித குலம் இதுநாள் வரை விடை கண்டதில்லை. அரசர்கள் கண்டதில்லை, ஞானிகள் கண்டதில்லை, நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. கண்டது ஓர் ஆரம்பப் பள்ளி. அந்தப் பெருமையில் ஒரு துளிகூட வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கதை.

அந்தப் பள்ளியின் வாசலில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். கிழவர். பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்ததே இந்த வேலைக்குத்தான். யாரையும் நம்ப மாட்டார். மணி அடித்தால்கூட ஒரு தடவை எட்டிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். அவருக்கு ஒரு ஸ்டூல் உண்டு. அதற்கு ஒரு கால் கிடையாது. அதைச் சுவரில் சாய்த்து, அதன் மேல் தாமும் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வேறு ஸ்டூல் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் காலை கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞர் இறங்கினார்.

"என்ன விக்கிறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"எதுவும் விக்கல தாத்தா. நாங்க லாப நோக்கம் இல்லாத அமைப்பு."

வாட்ச்மேன் அட்டையைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"அப்ப இது நஷ்டத்துல வாங்கினதா?"

இளைஞர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். திட்டினாலும் சிரிப்பார், வெயில் அடித்தாலும் சிரிப்பார். இரண்டாம் நாளே குழந்தைகள் அவருக்குச் 'சிரிப்பண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சிரிப்பண்ணன் கொண்டுவந்த திட்டத்துக்குத் 'திறமையால் தொண்டு' என்று பெயர். ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது. அதை வெளியே இழுத்து ஒரு நற்காரியத்துக்குக் கட்டிவிட வேண்டும். தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் கண் கலங்கப் பேசினார்.

"பிள்ளைங்களா, உங்ககிட்ட திறமை இருக்கு. அது உங்களுக்கே தெரியாது. ஆனா அண்ணனுக்குத் தெரியும்."

மதிய மணி அடிப்பதற்குள் பள்ளியின் மொத்தத் திறமையும் தரம் பிரிக்கப்பட்டது. பாடுகிறவர்கள் மாடிப்படியில் நின்றார்கள். வரைகிறவர்கள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஆடுகிறவர்கள் மைதானத்துக்குப் போனார்கள். பேசுகிறவர்கள் எங்கே நிறுத்தினாலும் பேசினார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் எந்த வரிசையிலும் ஒட்டாமல் நடுவில் நின்றாள்.

"பாடுவியாமா?" என்று குனிந்து கேட்டார் சிரிப்பண்ணன்.

"பாடினா பக்கத்து வீட்ல ஜன்னலைச் சாத்திடுவாங்கண்ணா."

"வரைவியா?"

"வரைஞ்சு முடிச்சதும் இது என்னதுன்னு கேப்பாங்க."

"சரி, உனக்கு என்னதான் வரும்?"

"பசி வரும்."

சிரிப்பண்ணனின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் சுருங்கியது. 'திறமை பின்னர் கண்டறியப்படும்' என்று அறிவித்தார். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தார்கள். போட்டோவில் விழாமல் இருப்பதற்காக அவளை 'வரவேற்புக் குழு'வாக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனோடு உட்கார வைத்தார்கள். குழுவில் அவள் ஒருத்திதான். அதனால் கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.

திறமை தயார். நற்காரியம் எங்கே? அதற்காகத் தலைமையாசிரியை அறையில் ஒரு கூட்டம் நடந்தது. தண்ணீர் கொண்டுபோன வாட்ச்மேன், தட்டை வைத்த பிறகும் நகராமல் நின்றார். அவர் இல்லாத இடத்தில் என்ன பேசுவார்கள் என்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"முதியோர் இல்லம் போலாமா?" என்றார் தலைமையாசிரியை.

"போன வருஷம் வேற ஸ்கூலோட போனோம் மேடம். நாலாவது பாட்டுலயே தூங்க விடுங்கடான்னுட்டாங்க. ஒத்துழைப்பே இல்ல."

"ஆத்தைச் சுத்தம் பண்ணலாமே?"

"நாத்தம் மேடம். பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டா போட்டோல முகம் தெரியாது."

சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சிரிப்பண்ணன் அப்படியே நின்றார். கேட்டின் ஓரத்தில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. காது ஒன்று மடங்கி, வயிறு முதுகோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.

"மேடம், இங்க வந்து பாருங்களேன்! ஒவ்வொரு எலும்பும் தனித்தனியா தெரியுது!"

தலைமையாசிரியை வந்து பார்த்தார். "அழகு!" என்றார்.

அந்த நிமிடம் முதல் அது நாய் இல்லை; 'பயனாளி'. வாட்ச்மேன் அதுவரை அதை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அறியாமை.

"அதுக்குச் சோறு யாரு போடறது?" என்றார் வாட்ச்மேன்.

சிரிப்பண்ணன் அவர் தோளில் கை போட்டார்.

"தாத்தா, சோறு போட்டா அது வெறும் உதவி. நாம செய்யப்போறது மாற்றம். சோறெல்லாம் இரண்டாம் கட்டத்துல வரும்."

"முதல் கட்டத்துல?"

"விழிப்புணர்வு."

"அது முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? பசியில எங்க தூங்குது?"

இதற்கும் சிரிப்பண்ணன் சிரித்தார்.

வேலை தொடங்கியது. பாட்டுக் குழு பயனாளியைச் சுற்றி நின்று பாடியது. பயனாளி ஓடிவிடாமல் அதன் கழுத்தை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். பேச்சுக் குழு நாயின் சார்பில் முழங்கியது. நடனக் குழு பசியை ஆடிக் காட்டியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுழன்று சுழன்று விழுந்தார்கள். களைப்புத் தீர அவர்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். பயனாளி அந்த பிஸ்கட்டையே இமை கொட்டாமல் பார்த்தது. அதன் கலை ரசனையையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் ஒரு பெரிய பேனர் எழுந்தது. அதில் பயனாளியின் விலா எலும்புகள் ஆளுயரத்துக்கு இருந்தன. பேனர் காற்றில் சாயாமல் இருக்க முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டுமே? வாட்ச்மேனின் ஸ்டூல் பயன்பட்டது. வாட்ச்மேன் நின்றார்.

"முட்டியெல்லாம் ஏன் வீங்கியிருக்கு? ஸ்டூல் என்ன ஆச்சு?" என்றாள் வீட்டில் மனைவி.

"நாய் படத்துக்கு முட்டுக் குடுத்திருக்காங்க."

"உங்க முட்டிக்கு யாரு முட்டுக் குடுக்கறது? போய்க் கேளுங்களேன்." உடனே பயந்துபோய் மாற்றிச் சொன்னாள்: "வேணாம், வேணாம். நீங்க வாயைத் திறந்தா வில்லங்கம்தான். இந்த வேலையும் போச்சுன்னா இந்த வயசுல உங்களை யாரு வெச்சுப்பாங்க? நானே யோசிக்கிறேன்."

வாட்ச்மேன் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்.

இதற்கிடையில் கேட்டோரம் ஒரு சதி உருவாகிக்கொண்டிருந்தது. மிச்சத்தின் சாப்பாட்டு டப்பாவில் தினமும் ஓர் அவித்த முட்டை இருக்கும். அவள் அதை எடுத்துப் பயனாளிக்குப் போட்டாள். மறுநாளும் போட்டாள். வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏ பாப்பா, யாரு உன்னைப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல தாத்தா. எனக்கு முட்டை புடிக்காது. வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா திட்டும்."

அந்தப் பதில் வாட்ச்மேனுக்குப் பிடித்திருந்தது. நாய் மேல் அன்பு, கருணை என்று ஏதாவது சொல்லியிருந்தால் டப்பாவைச் சோதித்துப் பார்த்திருப்பார்.

விஷயம் மெல்லப் பரவியது. வீட்டுக்குத் திரும்பிப் போனால் திட்டு விழும் சாப்பாடெல்லாம் கேட்டுக்கு வரத் தொடங்கியது. ரொட்டி ஓரம் வந்தது, பாதி கடித்த மீன் வந்தது, தயிர் ஊற்றிய சோறு வந்தது. வாட்ச்மேன் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். எதையும் பார்க்காமல் இருப்பதும் காவல் வேலையில் ஒரு பகுதிதான்.

ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது ஓவியக் குழு.

"டீச்சர், எலும்பைக் காணோம்!"

"நேத்து இருந்துச்சே? நல்லாத் தேடிப் பாருங்க."

தேடினார்கள். பயனாளி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. உருண்டையாக இருந்தது.

திட்டத்துக்குப் பணம் தரும் கொடையாளர்கள் வரப்போகும் நேரம். சிரிப்பண்ணன் ஓடிவந்தார். பேனரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் குழந்தைகள் அன்றுதான் கண்டார்கள். சிலர் அது வேறு அண்ணன் என்றே நினைத்துவிட்டார்கள்.

"பயனாளி தகுதியை இழந்துடுச்சு மேடம்."

விசாரணை கூடியது. குற்றம்: 'நற்காரியத்துக்குச் சேதம் விளைவித்தல்'. வாட்ச்மேன் அழைக்கப்பட்டார், வரவேற்புக் குழு முழுவதும் அழைக்கப்பட்டது, அதாவது மிச்சம். பயனாளி அழைக்காமலே வந்தது. வந்ததும் நேரே மிச்சத்திடம் போய், அவள் கையிலிருந்த டப்பாவை நக்கி, வாலை ஆட்டியது. உண்மை பேசும் சாட்சியைப் போல ஆபத்து வேறில்லை.

தலைமையாசிரியை மேஜையைத் தட்டினார். "சின்னப் பிள்ளைன்னெல்லாம் பாக்க மாட்டேன். திட்டத்துக்கு எதிரா வேலை பாக்கற பிள்ளைக்கு இந்த ஸ்கூல்ல இடம் கிடையாது. சொல்லுங்க, யாரு போட்டது?"

மிச்சம் ஓர் அடி முன்னால் வந்தாள். வாட்ச்மேனுக்கு மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தால் வில்லங்கம். திறந்தார்.

"நான்தான் போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"நாயைக் கேட்டு."

"தாத்தா, முட்டை நான்..." என்று ஆரம்பித்தாள் மிச்சம்.

"நீ சும்மா இரு பாப்பா," என்று பல்லைக் கடித்தார் வாட்ச்மேன். "பெரியவங்க பொய் சொல்றப்ப குறுக்க பேசக் கூடாது."

அன்று மாலையே அவர் காவல் பொறுப்பிலிருந்து 'அன்புடன் விடுவிக்கப்பட்டார்'. டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்பை அவரே கொண்டுபோகலாம் என்றார்கள்.

ஆனால் பெரிய மனிதர்களுக்குத் தோல்வி என்று ஒன்று கிடையாது; அதை வேறு பெயரில் கூப்பிடத் தெரியும். ஆளில்லாத வாசலில் அந்தக் கொழுத்த நாய், அறிமுகமில்லாத ஒருவரைப் பார்த்துக் குரைத்தது. அவ்வளவுதான், சிரிப்பண்ணனுக்குச் சிரிப்புத் திரும்பிவிட்டது.

"மேடம்! இது வெற்றிக் கதை! நம்ம பிள்ளைங்க திறமையால ஒரு ஜீவன் முன்னேறி வேலைக்கே போயிடுச்சு! இன்னிக்கு அது சொந்தக் கால்ல நிக்குது!"

"நாலு கால்லயும்," என்றார் தலைமையாசிரியை. கண் கலங்கினார். சம்பளமும் மிச்சம்.

கொடையாளர் விழாவைத் தள்ளி வைத்தார்கள். இப்போது புதுப் பயனாளி வேண்டும். பேனர் சட்டம் காலியாக இருந்தது, பாட்டு தயாராக இருந்தது. சிரிப்பண்ணன் வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்தார்.

எதிர்ப்பக்க மரத்தடியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எதிரே உட்கார்ந்து, மாலையில் வீடு திரும்பினார். சில வாரங்களில் சட்டை பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

சிரிப்பண்ணன் தெருவைத் தாண்டி வந்து பக்கத்தில் குந்தினார்.

"தாத்தா, சட்டையைக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

"எதுக்கு? என் வேலை திரும்பக் கிடைக்குமா?"

"இரண்டாம் கட்டத்துல கண்டிப்பா பரிசீலிப்போம்."

வாட்ச்மேன் அதை நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கழற்றினார்.

வேலை போனதை மனைவிக்கு அவர் சொல்லவில்லை, அவர் எலும்புகளோடு எழுந்த புதுப் பேனர் சொன்னது. அவள் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து மரத்தடியில் நின்றாள்.

"என்னங்க இது? ஊரே என்னைத்தானே பேசும், கட்டினவனுக்குக் கஞ்சி ஊத்தாத பொம்பளைன்னு!"

"அரிசி மூட்டை தர்றாங்களாம் மேடையில."

"அதையாவது வாங்கிட்டு வாங்க."

கொடையாளர் தினம் விமரிசையாக நடந்தது. அதே பாட்டுத்தான்; 'நாய்' வந்த இடத்தில் 'தாத்தா'. வாலாட்டும் என்ற இடம் மட்டும் இடித்தது. அதைத் 'தலையாட்டும்' என்று மாற்றியிருந்தார்கள். அவரும் ஆட்டினார். அரிசி மூட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் ஒருவர் வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"அது மேடை அரிசி தாத்தா. நாளைக்கு வேற ஸ்கூல்ல வேணும்."

பிறகு அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவருடைய ஸ்டூல்தான், பேனரை மரத்தில் கட்டிவிட்டதால் திரும்பக் கிடைத்திருந்தது. ஓவியக் குழு சுற்றி உட்கார்ந்து பென்சிலைச் சீவியது. கேட்டில் புது வாட்ச்மேன் வயிறு தரையில் படப் படுத்திருந்தது.

மிச்சம் டப்பாவோடு வந்தாள்.

"தாத்தா, இந்தாங்க முட்டை."

"மூடு பாப்பா, மூடு! அண்ணன் பாத்துடப் போறாரு. உடம்பு தேறிட்டா இந்த வேலையும் போயிடும்."

"அப்ப எப்பதான் சாப்பிடுவீங்க?"

"இரண்டாம் கட்டத்துல."

முன்வரிசையில் மும்முரமாக வரைந்துகொண்டிருந்த சிறுவன், அந்தப் பள்ளியிலேயே அதிகத் திறமை உள்ளவன் என்று பெயரெடுத்தவன், பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"தாத்தா, பேசாதீங்க! நீங்க பேசினா எலும்பு அசையுது."