நின்ற தேங்காயும் வந்த தேங்காயும்

கோலா பிலா, மலேசியா

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா திருநாவுக்கரசு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா மயிலம்மாளும் சுகம். அங்கே ஜெர்மனிக் குளிரில் நீயும் உன் ஆய்வுக்கூடத்து எலக்ட்ரான்களும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் போனில், நிற்கிற எலக்ட்ரான் மேல் இன்னொன்றை மோதவிட்டால் சக்தியில் பெரும்பகுதி வீண், எதிரெதிரே விட்டால்தான் முழுதும் பயன்படும் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, நிறை மையம் என்று ஏதோ ஆரம்பித்து, "உங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க" என்றாய். முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனை லாரி ஓட்டியவனுக்கு மோதல் புரியாதா என்று மனசு வலித்தது, உடனே தோட்டத்துக் கோயில் மாமரத்தில் இரண்டு தேங்காய்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் இழுத்து விடும்படி நண்பன் சத்தியசீலனிடம் சொன்னேன், வந்த தேங்காய் அப்படியே நின்றுவிட்டது, நின்ற தேங்காய் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்துபோய்க் கோயில் தலைவர் கணேசமூர்த்தியின் கார்க் கண்ணாடியில் இறங்கியது. தேங்காய் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. சக்தியெல்லாம் ஓடுவதற்கே போய்விட்டது, உடைவதற்கு மிச்சமில்லை.

தலைவர் வந்தார். நீ சொன்ன நிறை மையத்தை அவருக்கு விளக்கினேன். "தலைவரே, வந்த தேங்காயோட பாதி வேகத்துல நீங்களும் கூடவே போய்ப் பாத்தீங்கன்னா, ரெண்டும் எதிரெதிரா சமமாத்தான் வந்துச்சு. யாரு மேலயும் தப்பில்ல."

"என் காடி எதுகூடவும் போகலையே. சும்மாதானே நின்னுச்சுலா" என்றார். இந்த வருடத் திருவிழாவில் நான் தேங்காயைத் தொடக்கூடாதாம்.

மறுநாள் வீட்டு வாசலில் மறுபடி கட்டினேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் உன் அம்மா, சமமாக இழுத்து விட்டோம். நட்ட நடுவில் மோதி ஒன்று இரண்டாகப் பிளந்தது, எதுவும் எங்கும் பறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ தினமும் பார்ப்பது இதைத்தானா, மகளே? ஒளியை நெருங்கி ஓடும் எலக்ட்ரானுக்கு அந்தப் பாதி வேகக் கணக்குச் செல்லாது, அங்கே நிற்பதன் மேல் மோதினால் வீணாவது இன்னும் பல மடங்கு என்றும் இணையத்தில் படித்தேன். அதுவும் ஏறக்குறையப் பிடிபட்டுவிட்டது.

ஆகவே எல்லாம் புரிந்துவிட்டது. நீ இனி எதையும் விளக்கிச் சிரமப்பட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா

பி.கு.: கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா இப்போதுதான் சொல்கிறாள், பிளந்த தேங்காய் அவள் சட்னிக்காகத் தட்டி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததாம். அப்படியென்றால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. முதலிலிருந்து சொல். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் பக்கத்திலேயே இருப்பேன்.