மெல்லிங்கத்துக் கோபுரம்

இங்கிலாந்துக்காரர்களைவிட இங்கிலாந்தை அதிகம் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பங்குச்சாமிதான். ஒரே குறை, அவர் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை.

எண்பதுகளில் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஹென்டர்சனில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷின் அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறைய விபூதியுடன் வேலைக்கு வரும் சுத்த சைவர். மாதாகோயில்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பங்குச்சாமி என்று பாதிரியார் பட்டம் கட்டியது நான்தான்.

எல்லாம் அதே நகரத்து ஒடாஹுஹுவில் ஒரு பழைய சாமான் கடையில் தொடங்கியது. மெல்லிங்ஹாம் என்ற இங்கிலாந்து ஊரையும் அதன் மாதாகோயில்களையும் பற்றிய புத்தகம் ஒன்று அங்கே கிடந்தது.

"அட்டையில மெல்லிங்கம் எண்டு வாசிச்சுப்போட்டன் தம்பி. ஏதோ தெரியாத சிவத்தலமாக்கும் எண்டு வாங்கினா, உள்ளுக்கை முழுக்க வேதக்கோயில்!"

வேறு யாராவது என்றால் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவரோ ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் காணிக் கிளார்க்காக இருந்தவர். யார் எந்த வயலைக் கோயிலுக்கு எழுதிவைத்தான், யார் வழக்குப் போட்டான் என்று பக்கம் பக்கமாக இருந்ததைப் பார்த்ததும் சொக்கிவிட்டார்.

அதன்பிறகு தேநீர் இடைவேளை முழுவதும் மெல்லிங்ஹாம்தான். எண்ணூறு வருஷத்துக்கு முன் அக்காவும் தங்கையும் சண்டை பிடித்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கோயில் கட்டினார்களாம். நேற்று அடுத்த வீட்டில் நடந்தது போலச் சொல்வார்.

"தமக்கை நல்ல மனுசி. தங்கச்சிக்காரிக்குத்தான் வாய்."

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"ஓம், பாத்த மாதிரித்தான்!"

அப்போதுதான் எங்களுக்குத் தேநீர் போட ஈடித் என்ற வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். எந்த ஊரில் பிறந்தாய் என்று யாரோ கேட்டதற்கு, "மெல்லிங்ஹாம்" என்றாள். பங்குச்சாமியின் கையிலிருந்த ரொட்டி தேநீரில் விழுந்தது.

ஈடித் ஆறு வயதில் அங்கிருந்து கப்பலேறியவள். அந்த எண்ணூறு வருஷத்து அக்காள் கட்டிய கோயிலின் கோபுரம் சுகமா என்று இவர் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"அதுக்குக் கோபுரமே கிடையாது."

"இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு படிகள்."

"அங்கே பிறந்தவள் நானா, நீயா?"

அன்றிலிருந்து அவருக்கு மட்டும் ஆறிப்போன தேநீர். அவரோ தினமும் அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு குடித்தார். ஒரு மாதம் போர் நடந்தது. பொறுக்க முடியாமல் ஈடித், இன்னும் மெல்லிங்ஹாமிலேயே இருந்த தன் அக்காவுக்குக் கடிதம் போட்டாள்.

பதில் வந்ததும் எங்கள் எல்லோர் முன்னாலும் படித்தாள். கோபுரம் இருந்தது உண்மைதான். அம்மா கல்யாணம் செய்துகொண்டது அதன் அடியில்தான். ஈடித் பிறப்பதற்கு முந்தைய வருஷம் புயலில் இடிந்து விழுந்துவிட்டது.

நாங்கள் கைதட்டினோம். ஜெயித்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"விழுந்திட்டுதோ?" என்றார், சொந்தக்காரர் செத்த தந்தி வந்தவர் போல. புத்தகம் புயலுக்கு முன்பே அச்சானது. அவருக்கு எப்படித் தெரியும்?

நான்கு நாள் அவர் புத்தகத்தைக் கொண்டுவரவே இல்லை. அவர் பேச்சு நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்ட எனக்கே அந்த வெறும் மேசை என்னவோ செய்தது.

ஐந்தாம் நாள் ஈடித் சூடான தேநீரோடு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் அதைப் பார்த்ததில்லை. எங்கம்மா கல்யாணத்தன்று அது எப்படி இருந்திருக்கும்? நீ சொல்லேன்."

பங்குச்சாமி மெல்ல ஆரம்பித்தார். வாசல் வளைவில் செதுக்கிய திராட்சைக் கொடி, மணமக்கள் வெளியே வரும்போது அடிக்கிற ஐந்து மணிகள், அவற்றில் ஒன்று மட்டும் கீறல் விழுந்து தகரம் மாதிரிச் சத்தம் போடுவது. ஈடித் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வேலைக்குத் திரும்பச் சொல்லிச் சங்கு ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, சூப்பர்வைசரும்கூட.

வீடு திரும்பும் ரயிலில் அவரிடமிருந்து தப்பிக்க எப்போதும் கடைசிப் பெட்டியில் ஏறுகிற நான், அன்று மாலை ஜன்னலோரமாக அவருக்கு ஓர் இடம் பிடித்து வைத்தேன்.