அடியில் நாலு ஓட்டை

"ஓட்டையா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டான் பைசல்.

"ஓட்டையேதானுங்க பாய். அடியில நாலு. சுண்டு விரல் நுழையோணும்னாங்க," என்றார் கண்டக்டர் அர்த்தனாரி.

பைசல் மேசை மேலிருந்த பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். இரண்டு நாள் மெனக்கெட்டுத் தைத்த சணல் பை. தோளில் மாட்ட இரண்டு வார், தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தனி அறை, முகப்பில் ஒரு யானை. இதிலா ஓட்டை?

"எதுக்காம்?"

"தண்ணி நிக்கக் கூடாதாம். நின்னா கண்ணுங்களுக்கு ஆகாதாமுங்க."

"யா அல்லா! பைக்குள்ள ஏன்யா தண்ணி வருது?"

"வாயை மூடக் கூடாதுன்னுட்டாங்களே. ஜிப்பைப் பிச்சுக் கையில குடுத்துட்டாங்க." அர்த்தனாரி சட்டைப் பையிலிருந்து ஜிப்பை எடுத்து மேசையில் வைத்தார். "வாரும் வேண்டாமாம். வரிசையா நிக்க வெச்சுக்குவாங்களாம்."

வேறு யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக் கடாசியிருப்பார்கள். பைசல் அப்படிச் செய்ய முடியாது. அவன் இப்போது டிசைனர்.

பத்து வருஷமாகக் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிளாஸ்டிக் பை விற்றவன் அவன். இரண்டாயிரத்து மூன்றில், மலை மேலே பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று பேச்சுக் கிளம்பி, வியாபாரம் படுத்துவிட்டது. சேலத்துக்குப் போய்ப் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து 'பைசல் டிசைன்ஸ்' என்று போர்டு மாட்டினான். அங்கே படித்ததைச் சுவரிலும் எழுதி வைத்தான்: வாங்குகிறவருக்குத் தோதாக இருக்கணும், பூமிக்குக் கெடுதல் கூடாது, தையல் மிஷின் தாங்கணும்.

போர்டு மாட்டி நாலு மாதத்தில் வந்த ஒரே ஆர்டர் இதுதான். மலை மேல் ஊரான வாழவந்தி நாட்டு மகளிர் குழுத் தலைவி சென்னம்மாள், கண்டக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "நம்ம கண்ணுங்களுக்குப் பை வேணும். முன்னூறு. ஜூன் மழைக்கு முந்தி."

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இதைவிடத் தெளிவாக யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

ஆர்டர் கொடுத்தவர்களை நேரில் போய்ப் பார்க்கணும் என்றும் சேலத்தில் சொன்னார்கள்தான். ஆனால் கொல்லிமலையின் எழுபது வளைவில் மூன்றாவது வளைவிலேயே பைசலின் வயிறு வாய்க்கு வந்துவிடும். ஆகவே காலை பஸ்ஸில் பை மேலே போகும், சாயங்கால பஸ்ஸில் பதில் கீழே வரும். நடுவில் அர்த்தனாரி.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா போர்டைக் கழட்டிட்டு எங்கண்ணன் பேக்கரிக்குப் போயிருங்க. பன்னுக்கு ஜாம் தடவ ஆள் தேடிக்கிட்டு இருக்காரு," என்று மனைவி நௌஷீன் கெடு வைத்திருந்தாள். அந்த அண்ணன் பைசலை "டிசைனர் மாப்ளே" என்று கூப்பிட்டுக் கண்ணடிக்கிற ஆள். அவர் கடையில் ஜாம் தடவுவதை நினைத்தாலே பைசலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சரி, ஓட்டை. ஜிப் போனது, வார் போனது, யானையும் போனது. நாலு ஓட்டை போட்டு, பென்சிலும் ரப்பரும் உள்ளே போட்டுத் தூக்கினான். அத்தனையும் காலடியில் கொட்டின. ஓட்டைக்கு மேல் தேங்காய் நாரில் வலை வைத்துத் தைக்கச் சொன்னான். தையல்காரர் சின்னுசாமியின் மிஷினில் மூன்று ஊசி ஒடிந்தது.

"இது பைங்களா, சல்லடைங்களா?"

"கேக்கறவங்க கேக்கறாங்க. நாம செஞ்சு குடுக்கறவங்க. ஊசியை மாத்து."

மறுநாள் சாயங்காலம் அர்த்தனாரி வந்தார். "ஓட்டை ஜோரா இருக்குதாமுங்க. ஆனா ஒசரம் சாஸ்தியாம். ஒரு சாண் போதுமாம்."

"ஒரு சாணா? தலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமேய்யா!" பைசல் நோட்டுப் புத்தகத்தைத்தான் சொன்னான்.

"நானும் அதையேதான் கேட்டனுங்க. தலை வெளிய நீட்டுனாத்தான் நல்லதுன்னாங்க."

பைசல் யோசித்துப் பார்த்தான். தலை நீட்டினால் எந்த நோட்டு என்று குனிந்து தேட வேண்டாம், லபக்கென்று உருவிக்கொள்ளலாம். அடேயப்பா! சேலத்துக்காரர்களுக்கே இது தோன்றவில்லையே!

"அப்பறம் இன்னொண்ணுங்க. ஆறு மாசத்துல பை மக்கிப் போயிரோணுமாம். மண்ணோட மண்ணா."

பைசல் எழுந்து நின்றுவிட்டான். பூமி மேல் இப்படி ஒரு பாசமா! சுவரில் எழுதியிருந்த இரண்டாவது வரியை நௌஷீனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அவள் அசரவில்லை.

"அரைப் பரீட்சை அன்னைக்குப் பை மண்ணாப் போயிருக்கும். புள்ளைங்க நோட்டை மடியில கட்டிக்கிட்டா போகும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது நௌஷீன்."

"உங்களுக்குப் புரிஞ்சிருச்சாக்கும்!"

சணல் பை ஆறு மாதத்தில் மக்காது, நன்றாக உழைக்கும். இவ்வளவு கெட்டியாகத் தைத்ததற்காகப் பைசல் முதல் முறையாக வருத்தப்பட்டான். பழைய சாக்குகளைப் பிரித்து மெல்லிசாக்கினான். மெல்லிசானதும் பை நிற்கவில்லை, தொளதொளவென்று மடங்கி உட்கார்ந்தது. விறைப்பாக நிற்க மரவள்ளி மாவுப் பசையில் தோய்த்துக் காயப்போட்டான். பை விறைத்துக்கொண்டு நின்றது. அப்பளம் மாதிரி மொடமொடப்பு, வாசமும் அப்படியே. பக்கத்து வீட்டு ஆடு வந்து பதினொரு பையைத் தின்றுவிட்டுப் போனது. மறுநாள் இன்னும் இரண்டு ஆடுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டை விரட்டப் பசையில் வேப்பெண்ணெய் கலந்தான். ஆடுகள் ஓடின. தெருவில் நடமாட்டமும் நின்றது. சின்னுசாமி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தைத்தார். நௌஷீன் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"ஒண்ணு பை வெளிய இருக்கணும். இல்லைன்னா நீங்க அதுகூட வெளிய இருக்கணும்."

இந்த நாற்றத்தை எந்தப் பிள்ளை சுமக்கும்? எல்லாம் முடிந்தது, ஜாம்தான் கதி என்று பைசல் தலையில் கை வைத்துக்கொண்டான். மாதிரிப் பையை மேலே அனுப்பிவிட்டுச் சோறு இறங்காமல் காத்திருந்தான். பஸ் நிற்கும் முன்பே அர்த்தனாரி படியிலிருந்து கத்தினார்.

"வாசம் ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க பாய்! பூச்சியே அண்டாதுன்னு குதிக்கறாங்க! முன்னூறும் ஏத்தச் சொல்லிட்டாங்க!"

பூச்சி என்றால் தலைப்பேனாகத்தான் இருக்கும் என்று பைசல் முடிவு செய்தான். தன் பை பேனையும் ஒழிக்கும் என்பது அவனே எதிர்பார்க்காத சிறப்பு.

ஆனால் முன்னூறு பையையும் தனியாக ஏற்றிப் போக அர்த்தனாரி மறுத்துவிட்டார். "நாத்தத்துக்குப் பாசஞ்சர் திட்டுவாங்க. வாங்கிக்கட்டிக்க ஆள் வேணுமுங்க. நீங்களும் வாங்க."

போனான். மூன்றாவது வளைவில் வயிறு வாய்க்கு வந்தது. பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைத் திட்டியது. எழுபதையும் தாண்டி வாழவந்தி நாட்டில் இறங்கியபோது பைசல் பசையில் தோய்க்காத பை மாதிரியே துவண்டிருந்தான்.

சென்னம்மாளும் குழுப் பெண்களும் மூட்டையைப் பிரித்துப் பாய்ந்து எடுத்தார்கள். சென்னம்மாள் ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கண்கள் பளபளத்தன.

"இதுதானுங்க பை! இதுக்கு முந்தி வாங்குனதெல்லாம் என்னத்துக்கு ஆச்சு? திருப்புலி நாட்டுலயும் கேக்கறாங்க. இன்னொரு ரெண்டாயிரம் போட்டுக் குடுங்க சாமி."

ரெண்டாயிரம்! பைசலுக்கு அழுகையே வந்துவிட்டது. போர்டு பிழைத்தது. பன்னுக்கு அந்த அண்ணனே ஜாம் தடவிக்கொள்ளட்டும்!

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. இவ்வளவு நம்புகிற பெண்களிடம் மறைப்பது பாவம். பைசல் குரலைச் செருமிக்கொண்டான்.

"அக்கா, சொல்லாம இருக்க மனசு கேக்கல. இதுல ஒரு பெரிய குறை இருக்குது. மழை பெஞ்சா உள்ள இருக்கற புஸ்தகம் பூரா நனைஞ்சு நாசமாப் போயிரும்."

சென்னம்மாள் அர்த்தனாரியைப் பார்த்தாள். அர்த்தனாரி பஸ்ஸைப் பார்த்தார். கடைசியில், பின்னால் பையை அடுக்கிக்கொண்டிருந்த பூங்குழலி என்ற பெண்தான் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏனுங்க பாய், மொளகுக் கண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துலீங்க படிக்குது?"