பொரிஷ்கார் தா சுத்தம் செய்த தமிழ்

கல்கத்தாவில் கோபப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பொரிஷ்கார் தாதான். சால்ட் லேக்கில் இருந்த எங்கள் மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. அவை அடிக்கடி படுத்துக்கொள்ளும். இவர் வந்து ஒரு சிடியைப் போட்டு, பிறந்த மேனிக்குக் கொண்டுவருவார். பிறகு பழைய மிச்சம் மீதிகளைத் துடைத்தெறிந்து, வேண்டிய புரோகிராம்களை மறுபடி ஏற்றுவார். முடிந்ததும் "பொரிஷ்கார்!" என்று கத்துவார். வங்காளியில் 'சுத்தம்' என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது; 'தா' என்றால் அண்ணன்.

எதை ஏற்றுவது, எதை ஒழிப்பது என்பதெல்லாம் அவர் இஷ்டம். ஒருமுறை டைரக்டருடைய கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் மட்டும் திரும்ப வரவில்லை. டைரக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அது புரோகிராம் இல்ல சார், வியாதி" என்று சொல்லிவிட்டு இவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஆள் தமிழர்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜாதவ்பூர். படித்தது வங்காளிப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், அதுவும் வங்காளியை உரித்துத் தமிழ்த் தோலை மாட்டின மாதிரி இருக்கும். "இரு, சிகரெட் சாப்ட்டு வரேன்" என்பார். தமிழில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். படுத்திருந்த நாட்களில் என் கம்ப்யூட்டரும் படுத்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் திரை பளபளவென்று இருந்தது. என் 'மலர்' ஃபோல்டரைக் காணோம்.

எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலர் அது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் நான் உட்கார்ந்து தட்டியது. கையெழுத்துப் பிரதிகள் லேக் கார்டன்ஸில் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தன. மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து அவை கூழாகிவிட்டன. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் கட்டுரையைக் கொடுத்த கையோடு காலமாகியிருந்தார். அவர் மனைவி என்னை எங்கே பார்த்தாலும், "மலர் எப்ப வரும் தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"தா, இதுல மலர்னு ஒரு ஃபோல்டர் இருந்துதே?"

"ஓ, அந்த வைரஸா? தூக்கிப் போட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். பொரிஷ்கார்!"

"வைரஸா? அது தமிழ்!"

"தமிழ் இப்படியா இருக்கும்? தொப்பி போட்ட ஏ, டாலர், கேள்விக்குறி..."

"நீங்க தமிழ் ஃபான்ட்டையும் சேர்த்து அழிச்சா வேற எப்படித் தெரியும்?"

"ஃபான்ட் இருந்தா மட்டும் எனக்குத் தெரிஞ்சுடுமா? லீவு போட்டுட்டு வீட்ல படுத்தது நீ. என்கிட்ட ஏன் கத்தற?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். மேஜையில் ஓங்கி அறைந்தேன். தேநீர்க் கோப்பை உருண்டு உடைந்தது. "செத்துப்போன மனுஷன் கடைசியா எழுதினதுய்யா அது! அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்ல? பொரிஷ்கார்னு சொல்லவா?"

அந்த அலுவலகத்தில் கத்துவது அதுவரை அவருடைய தனியுரிமை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் என்னையே பார்த்தார். பிறகு பாய்ந்து போய் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"இனிமே இதை எவனும் தொடக் கூடாது! தொட்டீங்கன்னா அழிச்ச ஃபைல் மேலயே வேற எதையாவது எழுதிடும். அப்புறம் கடவுள் வந்தாலும் கிடைக்காது."

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். அழித்ததைத் தோண்டியெடுக்கும் ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டார். ஃபைல்கள் வந்தன. பெயர் போய், வெறும் எண்களுடன், அலுவலக சர்க்குலர்களோடு கலந்து, மூட்டையாக வந்தன. என் ஃபிளாப்பியிலிருந்து தமிழ் ஃபான்ட்டை ஏற்றினோம். ஒவ்வொன்றையும் அவர் திறக்க, எது எது என்று நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

அதிலும் சண்டைதான். மன்றத் தலைவரின் கவிதையை நாலு வரி வாசித்தேன்.

"நிறுத்து. இதை நான் அழிச்சது சரிதான்."

"தா, அவர் தலைவர்!"

"இருக்கட்டுமே. மோரைப் பால்னு சொன்னா பாலாயிடுமா?"

துறைமுகக்காரரின் கட்டுரை வந்தது. வேலையில் சேர வந்த அன்று ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி, பாஷை தெரியாமல் டிராமில் ஏறி, இறங்கத் தெரியாமல் கடைசி வரை போனதை எழுதியிருந்தார். முதல் வரியோடு நிறுத்தினேன். அது எதுவென்று தெரிந்துவிட்டதே!

"ஏன் நிறுத்திட்ட? படி."

முழுக்கப் படித்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் வந்திருப்பார். கேட்டதில்ல" என்றார். பிறகு, "சரி சரி, சேவ் பண்ணு! பார்த்துக்கிட்டே நிக்கறான்!" என்று எரிந்து விழுந்தார்.

எல்லாம் முழுசாகத் திரும்பி வந்தன, தலைவரின் கவிதையைத் தவிர. "நாலு வரிக்கு மேல ஃபைல் கெட்டுப்போச்சு" என்றார். மீதியும் வந்திருக்கும், அவர் வரவிடவில்லை என்பதுதான் இன்றுவரை என் சந்தேகம்.

மலர் வெளியானதும் முதல் பிரதியைத் துறைமுகக்காரரின் மனைவிக்குக் கொடுத்தோம். அந்தம்மா அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்த பிரதியை பொரிஷ்கார் தாவிடம் நீட்டினேன். நன்றிப் பக்கத்தில் அவருடைய உண்மைப் பெயரைப் போட்டிருந்தேன்.

"எங்க? இதுல எது என் பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்பச் சின்னதா போட்டிருக்க" என்று கடுகடுத்தார்.

அடுத்த வருடம் பெரிதாகப் போட்டேன்.