தலையில்லாத மாப்பிள்ளை

மணப்பெண்ணுக்கு மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நெற்றியும் கண்ணும் பளிச்சென்று இருக்க, வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பட்டை. ஸ்டுடியோக்காரர் படத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தார். முகம் முழுசாக வந்தது. நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போனால், அதில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை.

ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்தாலாவது அழுது முடித்துவிடலாம். இதுவோ நேரத்துக்கு ஒரு புத்தி காட்டியது. கேமரா கார்டை அவர் அடுத்த கல்யாணத்துக்காக அன்றைக்கே அழித்துவிட்டார். அந்த இருவரின் ஒரே ஒரு நாள் இந்த ஹார்டு டிஸ்கில்தான் இருந்தது. அது போனால், தயவுசெய்து இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று கேட்கவா முடியும்?

கேபிளை மாற்றினார். ஒரு நாள் சமர்த்தாக இருந்துவிட்டு மறுநாள் பழைய குருடியானது. சரி, டிஸ்குதான் திருடன் என்று முடிவு கட்டி, புது டிஸ்க் வாங்கி எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றினார். பழையதைக் கழற்றி, திட்டித் தீர்த்து, இழுப்பறையில் எறிந்தார். புது டிஸ்கில் கெட்ட படங்கள் இரண்டு மடங்காகின. இப்போது மூடித் திறந்தாலும் தலை வரவில்லை.

விடுவாரா? இன்னொரு புது டிஸ்கும் வாங்கி, ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்கிலும் பதியும்படி செய்தார். ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று கணக்கு. இரண்டிலும் அதே மாப்பிள்ளை, அதே இடத்தில், தலையில்லாமல் நின்றார்.

இதற்கிடையே மணப்பெண் தனியாக வந்து ஆல்பம் எங்கே என்று கேட்டாள். அச்சகத்தில் மிஷின் ரிப்பேர் என்றார். மறுநாள் மாப்பிள்ளை தனியாக வந்தார். டிசைன் செய்கிற பையனுக்கு அம்மை என்றார். சொன்ன பொய்யையாவது இருவரிடமும் ஒரே மாதிரி சொல்லியிருக்கலாம். அந்த வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

அன்றிலிருந்து வாராவாரம் வந்தார்கள். மாப்பிள்ளை ஆரம்பிக்கிற வசவை மணப்பெண் முடித்துவைப்பாள். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவர் தொடர்வார். ஸ்டுடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பார்க்கப் பொறுக்காமல் அவர் மனைவி, கம்ப்யூட்டர் வேலை தெரிந்த தன் தம்பியை வரவழைத்தாள். அவன் நிதானமாக ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

"டிஸ்க் மேல தப்பே இல்ல மச்சான். கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற மெமரிதான் கெட்டிருக்கு. எந்தப் படமும் அது வழியாத்தானே போய் வருது. காப்பாத்தறேன்னு நீங்க காப்பி எடுத்த ஒவ்வொரு தடவையும் நீங்களேதான் கெடுத்திருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மெமரியை மாற்றி, இழுப்பறையிலிருந்த பழைய டிஸ்கை மாட்டினார்கள். அத்தனை படமும் கண்ணும் மூக்குமாக அப்படியே இருந்தது. சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும் எத்தனையோ விஷயங்களைத் தாம் இப்படித்தான் காப்பாற்றப் போய்க் கெடுத்திருக்கிறோமோ என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். டிஸ்கிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், அதைத் தூசி துடைத்து மேசைமேல் வைத்தார்.

ஆல்பம் தயாரானது. அவர்கள் வந்ததும் மிஷினும் அம்மையும் பொய் என்பது உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இருவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, எதுவும் விட்டுப்போச்சா?"

மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள்; பிறகு ஆல்பத்தை மூடினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆல்பம் வந்ததும் ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டுப் பிரிஞ்சிடலாம்னு இருந்தோம். உங்களைத் திட்டறதுக்காகச் சேர்ந்தவங்க, அப்படியே சேர்ந்தே இருந்துட்டோம்."